‘சூப்பரா இருக்கு சார்’ என்பதற்குப் பிறகு: கலைப்படைப்பைப் பார்க்கவும் எடைபோடவும் மாணவருக்குக் கற்றுத்தருவது எப்படி

வேலூர்க் கோட்டைக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் அகழியைச் சுற்றிப் பார்ப்பார்கள், 1806 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிக் கேட்பார்கள், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு பஸ் ஏறுவார்கள். மண்டபத்தில் என்ன பார்த்தாய் என்று மறுநாள் கேட்டால் ‘சிலைங்க சார், சூப்பரா இருந்துச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பார்க்கும் முன்பே எந்த மன்னர், எந்த நூற்றாண்டு, எவ்வளவு சிறப்பு என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டால் கண்ணுக்கு வேலையே இல்லை. அதனால் இந்த வழிகாட்டி வரிசையை மாற்றுகிறது: கண் முதலில், வரலாறு நடுவில், தீர்ப்பு கடைசியில்.

விவரித்தல், பகுத்தல், பொருள்கொள்ளல், மதிப்பிடுதல் என்று நான்கு படிகளாக இதைப் பிரித்தவர் அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன். படிகளின் பெயரை மாணவர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போட்டாலே நோட்டில் நான்கு தலைப்பு போட்டு நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள். ஆசிரியர் மனதில் வரிசை இருந்தால் போதும்.

கீழே உள்ள திட்டம் 8 முதல் 10ஆம் வகுப்பு வரை, 40 பேர் உள்ள வகுப்புக்கு. 45 நிமிஷ பீரியடு ஏழும், கோட்டைக்கு ஒரு காலைப்பொழுதும் வேண்டும்.

எதைப் பார்க்க வைப்பது

ஒரு மாணவருக்கு ஒரு படைப்பு. இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. மண்டபம் முழுக்கச் சுற்றிக்காட்டினால் எதுவும் மனதில் நிற்காது. வகுப்பை ஐந்தைந்து பேராக எட்டுக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தூண் கொடுங்கள். முகப்பில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரைகளும் யாளிகளும் உள்ள தூண்களை நான்கு குழுவுக்கு ஒதுக்கலாம். உட்பக்கத் தூண்களில் சதுரம் சதுரமாகச் சின்ன உருவங்கள் செதுக்கியிருக்கும். அவை மற்ற நான்கு குழுவுக்கு. தூண் முழுவதும் வேண்டாம், ஒரு முகத்தில் உள்ள இரண்டு அல்லது மூன்று சதுரம் போதும்.

ஆசிரியர் முன்கூட்டியே ஒருமுறை தனியாகப் போய் எந்தத் தூண் யாருக்கு என்று குறித்துவர வேண்டும். அங்கே போய் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், நல்ல தூணுக்குச் சண்டை வந்து அரைமணி நேரம் போய்விடும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, கோயிலில் வழிபாடும் நடக்கிறது. எனவே அனுமதியை முன்பே கேட்டுவையுங்கள். பிரதோஷ நாளையும் முகூர்த்த நாளையும் தவிருங்கள். நடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால் கூட்டம் குறைவு, வெயிலும் சாய்ந்து விழும்.

கிளம்புமுன் வகுப்பில் இரண்டு பீரியடு

முதல் பீரியடில் ஒரு தடை போடுங்கள். அழகு, அருமை, சூப்பர், தத்ரூபம், சிறப்பு, செம — இந்த ஆறு சொல்லையும் பலகையின் ஓரத்தில் எழுதி வட்டமிடுங்கள். மதிப்பிடும் பீரியடு வரை இவை வாயில் வரக்கூடாது. தடை விளையாட்டாகவே இருக்கட்டும், அபராதம் வேண்டாம். சொல் வாயில் வந்தால் அடுத்து ஒரே கேள்வி: “எதைப் பாத்து அப்படிச் சொல்ற?”

பிறகு மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையின் படம் ஒன்றைக் காட்டுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. ஆனால் இதை இப்போது சொல்லாதீர்கள். நான்கு ஆட்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள் என்பதைக்கூட அவர்களே சொல்லட்டும். நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘முட்டி மடங்கியிருக்கு’ என்பது இடப்பக்கம். ‘கஷ்டப்படுறாங்க’ என்பது வலப்பக்கம். முதல் முயற்சியில் முக்கால்வாசி வரி தப்பான பக்கத்தில் விழும். ‘கோபமா இருக்கான்’ என்பதை எல்லாரும் இடப்பக்கம்தான் எழுதுவார்கள். புருவம் எப்படி இருக்கிறது, வாய் திறந்திருக்கிறதா என்று கேட்டு, கோபத்தை வலப்பக்கத்துக்குத் தள்ளி, அதற்கு ஆதாரமான புருவத்தை இடப்பக்கம் எழுதவையுங்கள். வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியிலிருந்தும் இடப்பக்கத்துக்கு ஒரு கோடு இழுக்க முடிய வேண்டும். கோடு போய்ச் சேர இடமில்லாத வரியை அடித்துவிடலாம். பாடம் முழுக்க இந்தக் கோட்டைச் சுற்றித்தான்.

இரண்டாம் பீரியடில் ஜன்னல் அட்டை செய்யுங்கள். ஏ4 அளவு கெட்டி அட்டையின் நடுவில் 9 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் ஒரு ஓட்டை. பழைய காலண்டர் அட்டையே போதும். கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அதன் வழியே பார்த்தால் மண்டபத்தின் இரைச்சலெல்லாம் மறைந்து ஒரு துண்டு மட்டும் கண்ணில் நிற்கும். ஓட்டை பெரிதாகிவிட்டால் பயன் கிடையாது, 12 செ.மீ.க்கு மேல் போகவே கூடாது.

குழுவுக்கு இவையும் தேவை: 2பி பென்சில், எழுதும் அட்டை, ஒரு சிறிய டார்ச், உள்ளங்கை அளவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பேனாவும் ஸ்கெட்ச் பென்னும் வேண்டாம், கல்லில் பட்டால் கறை போகாது. மொபைல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். படம் எடுத்தாயிற்று என்றால் பார்த்தாயிற்று என்று மனம் நினைத்துக்கொள்கிறது.

மண்டபத்தில்

முதல் மூன்று நிமிஷம் பேச்சில்லாமல் பார்வை மட்டும். மூன்று நிமிஷம் ஒரு தூண் முன்னால் நிற்பது பிள்ளைகளுக்கு ரொம்ப நீளம். முதல் நிமிஷம் முடிந்ததும் நெளிவார்கள், இரண்டாவதில் சிரிப்பார்கள். அதைப் பொருட்படுத்தாமல் நேரத்தை முழுசாக ஓட விடுங்கள். புதிதாக ஏதாவது கண்ணில் படுவது பெரும்பாலும் மூன்றாவது நிமிஷத்தில்தான்.

அடுத்து முதுகைத் திருப்பி உட்காரவைத்து, நினைவிலிருந்து ஐந்து நிமிஷம் வரையச் சொல்லுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வரைந்ததோடு திரும்பி, தூணையும் தாளையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதை வட்டமிட வேண்டும். குதிரைத் தூணை வரைந்தவர்களில் பலர் குதிரையையும் மேலே உள்ள வீரனையும் போட்டிருப்பார்கள்; முன்னங்காலுக்குக் கீழே உள்ள சின்ன உருவங்களை விட்டிருப்பார்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் பாடம் இருக்கிறது.

இதற்குப் பிறகு பத்து நிமிஷம் ‘பார்த்தது’ பக்கத்தை நிரப்புவது. குழுவில் ஒவ்வொருவரும் ஐந்து வரி எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதக்கூடாது. ஐந்தாவது ஆளுக்குச் சுலபமான வரியெல்லாம் தீர்ந்திருக்கும், வேறு வழியில்லாமல் அவர் சேணத்தின் முடிச்சையும் காதணியின் வடிவத்தையும் தேடிப்போவார். யாளியா குதிரையா என்று விவாதம் வந்தால் தீர்த்துவைக்காதீர்கள். “மூஞ்சி எப்படி இருக்கு, காது எப்படி இருக்கு, குளம்பா நகமா” என்று கேட்டுவிட்டு அடுத்த குழுவுக்கு நகருங்கள்.

டார்ச்சை நேராக அடித்தால் செதுக்கல் தட்டையாகிவிடும். கல்லை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் அரை விரல்கடை ஆழமுள்ள புடைப்புக்கூட நிழலோடு எழுந்து நிற்கும். நேராக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை அடித்துக்காட்டி வித்தியாசத்தை எழுதச் சொல்லுங்கள்; சிற்பத்துக்கு ஒளியும் ஒரு கருவி என்பதை வேறு எப்படி விளக்கினாலும் இவ்வளவு சீக்கிரம் புரியாது.

கண்ணாடி விதானத்துக்கு. நடுவில் மலர்ந்த தாமரையும் அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளும் உள்ள கூரையை அண்ணாந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் கழுத்து வலிக்கும், பார்வை அங்கேயே நின்றுவிடும். கண்ணாடியை இடுப்பு உயரத்தில் மட்டமாகப் பிடித்துக் குனிந்து பார்த்தால் பொறுமையாக எண்ணலாம். கிளி எத்தனை, வளையம் எத்தனை, சதுரமான கூரை எந்த இடத்தில் வட்டமாக மாறுகிறது? விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.

எந்தக் குழுவும் கல்லைத் தொடக்கூடாது, சாயக்கூடாது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கக் கூடாது. தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஆசைக்கு வகுப்பில் வேலூர்ப் பக்கம் கரிகிரியில் செய்யும் மெருகுபூசிய மண் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து கைமாற்றலாம். எடை, விளிம்பின் தடிமன், மெருகுப்பூச்சு வழிந்து நின்ற இடம் என்று கைக்குத் தெரியும் சங்கதிகள் அதில் நிறைய உண்டு.

பகுத்தல்: ஏன் அப்படிச் செய்தார்கள்

வகுப்புக்குத் திரும்பி இரண்டு பீரியடு. குதிரைத் தூணில் ஆரம்பியுங்கள். கேள்வி இது: கீழே உள்ள சின்ன உருவங்களை எடுத்துவிட்டால் குதிரையின் கால் என்ன ஆகும்?

கருங்கல் பாரத்தைத் தாங்கும், ஆனால் இழுவிசையைத் தாங்காது. அந்தரத்தில் நீண்டிருக்கும் கல் கால், உளி வேலை நடக்கும்போதே முறியலாம். கீழே ஒரு ஆளையோ கேடயத்தையோ வைத்தால் கதைக்கும் ஆயிற்று, காலுக்கு முட்டும் ஆயிற்று. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க, சுண்ணாம்புக்கட்டியைச் செங்குத்தாக வைத்து அழுத்தச் சொல்லுங்கள், உடையாது. அதையே இரண்டு விரலில் பிடித்து வளைக்கச் சொல்லுங்கள். படக்கென்று உடைந்ததும் யாராவது ஒருவர் குதிரையின் காலைப் பற்றிப் பேசுவார். பொருள், கருவி, கதை மூன்றும் ஒரே முடிவில் வந்து சேரும் இப்படிப்பட்ட இடங்களைத் தேடுவதுதான் பகுத்தல். ‘கோடு, வடிவம், வெளி, நிறம்’ என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதவைப்பது நோட்டை நிரப்பும், அவ்வளவுதான்.

அளவுக்குத் தாளக் கணக்கைப் பயன்படுத்தலாம். நம் சிற்ப மரபில் ஒரு தாளம் 12 அங்குலம். இது உருவத்துக்குள்ளேயே எடுக்கும் அளவு, ஸ்கேலில் உள்ள அங்குலம் இல்லை. நவதாள (ஒன்பது தாள) உருவம் 108 அங்குலம், பத்துத் தாள வகையில் பெரிய அளவான உத்தம தசதாளம் 124 அங்குலம். மண்டபத்தில் இருக்கும்போதே மாணவர் பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, நெற்றி உச்சியிலிருந்து முகவாய் வரை உள்ள நீளத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு, உடம்பில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணட்டும். கையை மடக்கினால் கணக்குத் தப்பும். கீழிருந்து அண்ணாந்து பார்த்து அளந்தாலும் தப்பும். தூரம் தள்ளி நின்று அளக்க வேண்டும். ஒரே தூணில் தெய்வத்துக்கும் பணியாளுக்கும் முக அளவு மாறுகிறதா என்று தேடவிடுங்கள்.

உடைந்த மூக்கையும் கையையும் பற்றி மட்டுமே பேசும் மாணவர்கள் இருப்பார்கள். சேதத்துக்கு நோட்டில் தனி இடம் கொடுத்து மூன்று வரியோடு நிறுத்துங்கள். மலையாம்பட்டுப் பக்கம் ஆர்மாமலைக் குகையில் உள்ள சமண ஓவியங்கள் போலப் பெரும்பகுதி உதிர்ந்துபோன படைப்பாக இருந்தால் மட்டும் அணுகுமுறை மாறும்: இருக்கும் துண்டை முதலில் வரையவேண்டும், இல்லாததை ஊகித்துப் புள்ளிக்கோடாகப் போட வேண்டும். இரண்டும் கலந்துவிடக் கூடாது.

பொருள்கொள்ளல்: இப்போது வரலாறு

இங்கே நடுகல், அதாவது இறந்த வீரன் நினைவாக நடும் கல், நல்ல பாடம். வேலூரும் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த பழைய வடஆற்காடு மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போன மண். செங்கம் வட்டாரத்தில் கிடைத்தவை ஏராளம். கோட்டைக்குள்ளேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் அதே காலையில் பார்த்துவிடலாம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து தேதி குறிக்காதீர்கள்.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லின் படத்தை எழுத்துப் பகுதியை மறைத்துவிட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் வீரனைச் சொல்வார்கள், ஆயுதத்தைச் சொல்வார்கள். கொஞ்சம் கழித்து ஒருவர், “சார், நாய் இருக்கு” என்பார். எதற்கு நாய்? வேட்டை, காவல், கூடவே வளர்ந்தது என்று மூன்று நான்கு ஊகம் வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கல்லிலிருந்து ஆதாரம் கேளுங்கள். பிறகு கல்வெட்டைத் திறங்கள்: மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் இது, அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தே சொல்கிறது. இப்போது பலகையில் உள்ள ஊகங்களில் எது நிற்கிறது, எது விழுகிறது என்று பாருங்கள். விழுந்த ஊகத்தைச் சொன்னவரைக் கேலி செய்ய விடாதீர்கள். ‘வேட்டை’ என்று சொன்னவருக்கும் கல்லில் ஆதாரம் இருந்தது. கல்வெட்டு வந்ததும் போதாமல் போயிற்று. ஊகம் வேறு, உளறல் வேறு என்பது அந்த நிமிஷத்தில் புரியும்.

கல்வெட்டோ குறிப்போ இல்லாத படைப்புக்கு இரண்டு பொருளாவது எழுதச் சொல்லுங்கள், ஒன்றுக்கொன்று முரண்பட்டாலும் சரி. ஒரே பொருள் எழுதினால் ஆசிரியர் முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலின் வரலாற்றையும் இந்தக் கட்டத்தில் சொல்லலாம். கோட்டையும் இந்த மண்டபமும் 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தவை. பிற்காலத்தில் கோயில் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது. வெகுகாலம் வழிபாடு இல்லாமல் இருந்து 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது. இதைச் சொன்ன பிறகு ஒரு கேள்வி: வழிபாடு இல்லாத காலத்தில் அந்தத் தூண் வேறு பொருள் தந்திருக்குமா? விடை ஒன்றாக இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

மதிப்பிடுதல்

தடை போட்ட சொற்களை இப்போது அவிழ்த்துவிடலாம். ஆனால் முதலில் ஒரு பிரிவு: ‘எனக்குப் பிடிக்கிறது’ ஒரு வாக்கியம், ‘இது நல்ல வேலை’ இன்னொரு வாக்கியம். பிடிக்காத ஒன்றை நல்ல வேலை என்றும், பிடித்ததைச் சுமாரான வேலை என்றும் சொல்ல முடிந்த மாணவர் பாதி தூரம் வந்துவிட்டார். இரண்டுக்கும் தலா ஒரு பத்தி எழுதவையுங்கள்.

நம் பிள்ளைகளிடம் ஊறிப்போன ஒரு நினைப்பு உண்டு. வேலைப்பாடு அதிகம் என்றால் உயர்ந்தது, குறைவு என்றால் மட்டம். இதை உடைக்க மகேந்திரவாடியைவிட நல்ல இடம் கிடையாது. ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த விஷ்ணு கோயில். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலம். தூண் என்றால் கீழே ஒரு சதுரம், நடுவில் எட்டுப் பட்டைக் கட்டு, மேலே ஒரு சதுரம், சதுரத்தில் தாமரைப் பதக்கம். அவ்வளவே. கல்யாண மண்டபத் தூணின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கேட்டால் பெரும்பாலோர், “இது முடிக்காத தூணா சார்?” என்பார்கள்.

அங்கே நிறுத்தி, ஒரே உளியை வைத்துக்கொண்டு பாறைக்குள்ளே போய், உள்ளிருந்த கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, தூணை மட்டும் மிச்சம் வைப்பது எப்படி என்று யோசிக்கச் சொல்லுங்கள். மண்டபத்துத் தூணில் தவறு நேர்ந்தால் வேறு கல் கொண்டுவரலாம். குடைவரையில் வேறு கல் கிடையாது. எட்டுப் பட்டை ஏன், வட்டம் ஏன் இல்லை? சதுரத்தின் நான்கு மூலையைச் சீவினால் எட்டுப் பட்டை. கருங்கல்லில் அதுதான் எளிய அடுத்த படி. கூட்டமும் ஆரவாரமும் வேண்டிய கல்யாண மண்டபத்துக்கு ஒரு தூண் பொருந்துகிறது, பாறையின் கனம் தெரிய வேண்டிய இடத்துக்கு இன்னொன்று. இப்படிப் பேசிய பிறகும் ‘எனக்கு வேலூர்த் தூண்தான் உசத்தி’ என்று ஒருவர் எழுதலாம். காரணத்தோடு எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

விமர்சனப் பத்தியை எப்படித் திருத்துவது என்பதற்கு ஒரு மாதிரி. மாணவர் எழுதியது: ‘இந்தக் குதிரை மிகவும் தத்ரூபமாக உள்ளது. சிற்பியின் திறமை வியக்க வைக்கிறது.’ ஓரத்தில் நீங்கள் எழுத வேண்டியது: ‘நிஜக் குதிரையின் கழுத்து இப்படி வளையுமா?’ அவர் திரும்ப எழுதியது இப்படி இருந்தால் பாடம் ஏறிவிட்டது: ‘குதிரையின் கழுத்து நிஜத்தைவிட அதிகமாக வளைந்திருக்கிறது. அதனால் அது பாயப்போகிறது என்று தோன்றுகிறது. ஆனால் மேலே உள்ள வீரனின் முகத்தில் அந்த வேகம் இல்லை. அவன் சும்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. இது எனக்குக் குறையாகப் படுகிறது.’ கோயில் சிற்பத்தில் குறை சொல்லலாமா என்று தயங்கும் பிள்ளைகள் உண்டு, சில பெற்றோரும் கேட்பார்கள். பேசுவது சிற்பியின் வேலையைப் பற்றி, தெய்வத்தைப் பற்றி இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் வம்பில்லை.

ஓவியம் வரும்போது

ஓவியத்தை நாம் பெரும்பாலும் அச்சுப் படமாகவோ புரொஜெக்டரிலோதான் காட்டுகிறோம். இரண்டிலும் அளவு காணாமல் போகும், நிறம் மாறும். ஓவியத்தின் நிஜ அளவைத் தெரிந்துகொண்டு கரும்பலகையில் சுண்ணாம்பால் சட்டம் போட்டுக் காட்டுங்கள். கையளவு என்று நினைத்தது ஆள் உயரம் என்று தெரிந்ததும் பேச்சே மாறும். நிறத்தைப் பற்றிய தீர்ப்பை அச்சுப் படத்தை வைத்து எழுதவிடாதீர்கள்.

நவீன ஓவியத்துக்கு, திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் நம் பழைய மாவட்டத்துக்காரர். அவர் கோடுகளில் தொடங்கலாம். அல்லது ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஒன்று. ‘இத என் தம்பியே வரைவான் சார்’ என்ற குரல் கட்டாயம் வரும். கோபப்படவும் வேண்டாம், மேதை என்று பாடம் எடுக்கவும் வேண்டாம். ஜன்னல் அட்டையால் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, 10 செ.மீ. சதுரத்தில் அப்படியே நகலெடுக்கச் சொல்லுங்கள். இருபது நிமிஷம் முயன்றதும், கோடு எங்கே தடித்தது, எங்கே வேகம் எடுத்தது என்று சொன்னவரே கேட்க ஆரம்பிப்பார். அதற்குப் பிறகும் தம்பி வரைவான் என்றால், தம்பி வரைந்ததையும் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் மாட்டி ஒப்பிடலாம். அது நல்ல வகுப்பாக அமையும்.

மாணவர் தங்களுக்குள் விமர்சிக்கும்போது

கடைசி பீரியடு. வகுப்பில் கயிறு கட்டி, கிளிப்பில் அவரவர் வரைந்ததை மாட்டுங்கள். பெயரைப் பின்பக்கம் எழுதினால் போதும். ஒரு பீரியடில் ஆறு படத்துக்கு மேல் எடுக்காதீர்கள், மீதியை அடுத்த வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வரைந்தவர் முதல் நான்கு நிமிஷம் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் பார்த்ததைச் சொல்லி, பிறகு கேள்வியாக மட்டும் குறையைச் சொல்ல வேண்டும்: ‘வானத்த ஏன் காலியா விட்ட?’ ‘இன்னும் நல்லா வரஞ்சிருக்கலாம்’ என்பது கேள்வியில் சேராது. நான்கு நிமிஷம் கழித்து வரைந்தவர் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். நன்றாக வரையும் இரண்டு மூன்று பேர் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் படத்தை முதலில் எடுத்தால் மற்றவர்கள் சுருங்கிவிடுவார்கள். நடுத்தரமான படத்தில் தொடங்குங்கள்.

மதிப்பெண் 20 என்றால் பார்த்ததற்கு 8, பகுத்ததற்கு 5, பொருளுக்கு 4, தீர்ப்புக்கு 3. தீர்ப்புக்கு அதிகம் கொடுத்தால் எல்லாரும் அங்கேயே பாய்வார்கள். நினைவிலிருந்து வரைந்த தாளுக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள். அதற்கு மதிப்பெண் உண்டென்று தெரிந்தால் அடுத்த முறை திரும்பித் திரும்பிப் பார்த்து வரைவார்கள்.